ரேமுக்கு வைத்த பொட்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தால், செருப்புக் கடைக்கும் அசீமின் செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கலாக ஒரு ஸ்டுடியோ இருக்கும். அதுதான் வேதகிரியின் கடை. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து பேனர் எல்லாம் செய்வார். ஆனாலும் ஊரில் அவர் பெயர் அதிகம் அடிபடுவது சாவுக்குத்தான். ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் மேளத்துக்குச் சொல்ல ஒரு ஆள் ஓடும், வேதகிரியிடம் சொல்ல ஒரு ஆள் ஓடும். 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் இறந்தவரின் முகத்தை வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு எரியவிட்டு, கீழே பிள்ளைகள் பேரன் பேத்திகள் பெயரை மூப்பு முறை தவறாமல் போட்டுக் கொடுப்பார். முறை தவறினால் பிணத்தைக் கிடத்திவிட்டுப் பங்காளிகள் மல்லுக்கு நிற்பார்கள். அவருக்கு அது தெரியும்.

ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுபோனது. அப்பா நெல் மண்டியில் மூட்டை தைப்பவர். பையனை அந்தத் தூசியில் விட மனமில்லாமல், இதே ஸ்டுடியோவில் பிலிம் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இருட்டறையில், தண்ணீருக்குள் கிடந்த வெள்ளைத்தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வந்ததை முதல் தடவை பார்த்தபோது, வேதகிரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். முதலாளி சிரித்தார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிலிம் போனது, வயதான முதலாளியும் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். கடை வேதகிரிக்கு வந்தது. திரையில் வரும் இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. எந்த வேலைக்கு எந்த மூலையில் அழுத்த வேண்டும், மேலிருந்து எத்தனையாவது வரி என்று இடம் பார்த்துப் பழகிக்கொண்டார். இடம் மாறினால் ஆள் தடுமாறிவிடுவார்.

செத்தவர் முகத்தை வேலைக்கு எடுக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். பெருமாளே, இவங்களை நல்ல இடத்துல சேரு. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் தொடமாட்டார். அதற்குப் பிறகுதான் முகத்தில் வேர்வையைத் துடைப்பார், கறுப்பைக் கொஞ்சம் இறக்குவார், கலைந்த முடியைப் படியவைப்பார். குளிப்பாட்டிப் பூ வைப்பது வீட்டாரின் கடமை என்றால், இது தன் கடமை என்று நினைத்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் பழையது. முதலாளி காலத்திலேயே வாங்கியது. பெரிய பிளெக்ஸ் வேலையைத் திறந்தால் இளைத்துப்போன மாடு மாதிரி நின்றுவிடும். போன ஆடியில் ஒரு கிழவியின் படத்தைப் பேனராக்கும்போது அது பாதியில் நின்றது. பாடை கட்டி முடித்து, சங்கு ஊதி, ஜனம் கிளம்பிப் போய்விட்டது. பேனர் பிறகு வந்து சேர்ந்தது. அந்த வீட்டார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் வேதகிரிக்கு மனசு கேட்கவில்லை. அசீமிடம் சொன்னார்.

அசீம் சென்னைக்குச் சாமான் வாங்கப் போனபோது ஒரு ரேம் வாங்கிவந்தான். முக்கால் சாண் நீளத்தில் பச்சைத் தகடு, அதன் அடியோரம் முழுக்கப் பொன் பூசிய பற்கள். ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவு வேலையைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்பது இதைப் பொறுத்தது, இது சேர்ந்தால் நிற்காமல் ஓடும் என்று விளக்கினான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்துத்தான் கடை திறப்பேன், வந்து நானே மாட்டிவிடுகிறேன், கை வைக்காதே என்றும் சொன்னான்.

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் வேதகிரி விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை என்றால் நல்ல நாள். ராகு காலம் வருவதற்குள் மாட்டிவிட்டால் விருத்தியாகும். பூட்டைத் திறப்பது போல இரண்டு பக்கத்துப் பிடியையும் விரித்து, அழுத்தி உட்காரவைக்க வேண்டியதுதான், அசீம் செல்லில் வீடியோ காட்டியிருக்கிறான். காலையில் கடையைக் கூட்டி, சாம்பிராணி போட்டு, புது ரேமைப் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலையில் வைத்தார். புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் கையாள்வது அவர் வழக்கமில்லை. கேமராவுக்கு வைத்திருக்கிறார், கல்லாவுக்கு வைத்திருக்கிறார், மின்விசிறிக்குக்கூட வைத்திருக்கிறார். தகட்டில் எங்கே வைப்பது என்று திருப்பிப் பார்த்தார். பொன் மின்னிய ஓரம்தான் கண்ணுக்கு லட்சணமாகப் பட்டது. பொன் இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம். சந்தனத்தைக் குழைத்து அங்கே வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். பெட்டியைத் திறந்து, தூசி துடைக்கப் பழைய ரேமையும் கழற்றியபோது, இத்தனை வருஷம் உழைத்ததை விட்டுவிட்டுப் புதுசுக்கு மட்டும் செய்தால் பாவம் என்று அதற்கும் அதே இடத்தில் வைத்தார். ஈரம் காயும் வரை நிற்க நேரமில்லை. ராகு காலம் நெருங்கிவிட்டது. இரண்டையும் அழுத்தி மாட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டி கத்த ஆரம்பித்தது. நீளமாக ஒரு பீப், சற்று ஓய்ந்து மறுபடி ஒரு பீப். அணைத்துப் போட்டார். அதே சத்தம். புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை மட்டும் அதன் பழைய இடத்தில் வைத்தார். அப்போதும் அதே சத்தம். ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகினார். நேற்று வரைக்கும் மெதுவாகவாவது ஓடிய பெட்டி, இன்று யாரோ கழுத்தை நெரித்தது போலக் கத்தியது. அணைத்துவிட்டு, அசீம் வரட்டும் என்று உட்கார்ந்தார். இன்றைக்கு அவசர வேலை ஒன்றுமில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அப்போதுதான் கன்னியப்பன் வந்தார்.

சாலவாக்கம் பக்கம் பயிர் வைத்துப் பிழைக்கிற மனுஷர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கூட வந்தவர் விவரம் சொன்னார். கன்னியப்பனின் மகன் தமிழரசன் முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி வேலை முடிந்து வண்டியில் வரும்போது, கல் ஏற்றிய லாரி அடித்துவிட்டது. உடல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அறுத்துக் கொடுத்ததும் நேராக ஊருக்குக் கொண்டுவந்து, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். அப்பனை அங்கே வரவேண்டாம் என்று தடுத்து, போட்டோ வாங்கிவரும் வேலையைக் கொடுத்து இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, பூ மாலை சொல்ல அவர் கடைத்தெருவுக்குள் போனார்.

கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தம்பி, எம் புள்ள உங்க கடையிலதான் போட்டோ எடுத்தான். தை மாசம், கம்பெனிக்குன்னு."

வேதகிரிக்கு ஞாபகம் வந்தது. ஒல்லியான பையன். நல்ல வெயிலில் வந்து, சீக்கிரம் எடுங்கண்ணா என்று காலைத் தட்டிக்கொண்டே நின்றவன்.

"அவங்கம்மா மூஞ்சியக் காட்டு, மூஞ்சியக் காட்டுன்னு கீறா. இன்னாத்தக் காட்றது? மூஞ்சி இல்ல தம்பி. துணி சுத்தித்தான் தருவாங்களாம்." துண்டால் வாயை மூடிக்கொண்டார். "கூட்டாளிங்க செல்லுல கீறதெல்லாம் கூலிங் கிளாஸு. ஒண்ணுல நாய் காது வெச்சிக்கினு கீறான். ரெண்டு கண்ணும் நேராப் பாக்கற மாரி ஒண்ணு எடுத்தான்னு சொல்லி அனுப்பிச்சா."

கேமராவின் கார்டைத் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு அழித்துவிடுவது வேதகிரியின் வழக்கம். அந்தப் பையனின் முகம் இருக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டி. மெஷினில் சின்ன ரிப்பேர், சரியாகிவிடும் என்றார். கன்னியப்பன் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"அதுக்குள்ளதான் கீறானா?"

"உள்ளதான் கீறாரு நைனா. எங்கயும் போவல."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே தெரியாது. மெமரி என்று சொல்லும் ஒன்றைக் கழற்றி மாட்டியபோது உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிப்போயிருக்குமோ என்று பயந்தார். அசீமுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை, போனை அமுக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பான். தெருமுனை டைப்பிங் சென்டருக்கு ஓடி, வேறு வழி உண்டா என்று கேட்டார். எங்க ஆள் வந்தாதான் ஏதும் சொல்ல முடியும், அவர் காஞ்சிபுரம் போயிருக்கார் என்றார்கள். திரும்பி வந்தார். கன்னியப்பன் உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார் வேதகிரி. அது ஆடை படிந்து ஆறிப்போனது. ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்க்கும்போதும் பெட்டி கத்தியது. கன்னியப்பன் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு வேதகிரி சுவிட்சைத் தொடவில்லை.

அசீம் தலையில் தொப்பியோடு நேராக இங்கேதான் வந்தான். ஏழெட்டு மிஸ்டு கால் பார்த்துவிட்டு ஓடிவந்திருந்தான். வாசலிலேயே அவனை நிறுத்தி வேதகிரி விஷயத்தைச் சொன்னார். அவன் பெஞ்சைப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துப் பெட்டிக்குள் அடித்தான். ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இன்னாணா இது? ரேமுக்குப் பொட்டு வெச்சிக்கினு கீற?"

"புதுசா ஒரு பொருளு வந்தா வெக்கிறதுதான பாய்."

"கேமராவுக்கு வெச்ச, சரி. கல்லாவுக்கு வெச்ச, சரி. இதுக்கு வாயிலயே வெச்சிட்டியேணா. இந்தப் பல்லாலதான அது போர்டோட பேசணும்?" பழைய ரேமையும் திருப்பிப் பார்த்தான். "இதுக்குமா?"

"புதுசுக்கு மட்டும் வெச்சா பழசு மனசு நோவும்னு..."

வேறு நாளாக இருந்தால் அசீம் தெருவைக் கூட்டிச் சிரித்திருப்பான். இன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினான். பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"சாமிக்குன்னு வெச்சாரு, வுடுங்க பாய்."

கன்னியப்பன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வேதகிரிக்கு அதற்குமேல் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஈரச் சந்தனம் ரேம் மாட்டும் இரண்டு பள்ளத்துக்குள்ளும் இறங்கி, பல்லுக்குப் பல் ஒட்டிப் பிடித்திருந்தது. அசீம் தன் கடையிலிருந்து பிரஷ்ஷும் செல்போன் போர்டு கழுவும் மருந்தும் கொண்டுவந்தான். ரேமின் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தான். பள்ளத்துக்குள் பிரஷ் போகவில்லை. ஒரு விசிட்டிங் கார்டை மடித்து, மருந்தில் நனைத்து, பள்ளத்தில் விட்டு இழுத்தான். அட்டை சிவப்பாக வந்தது. மறுபடி விட்டான், மறுபடி சிவப்பு. சூட்டுக்காற்று ஊதும் கருவியால் தள்ளி நின்று காற்றடித்தான். வேலை செய்துகொண்டே வேதகிரிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். படம் ரேமில் இருப்பதில்லை, அது ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெட்டி எழுந்திருக்கவே இல்லை என்றால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு செங்கல்பட்டு போய் வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். ஆனால் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

முதலில் புது ரேமை மட்டும் மாட்டினான். பீப். பள்ளத்தை மாற்றினான். பீப். அது போய்விட்டது என்று ஓரமாக வைத்தான். பழசை வைத்தான். இந்தத் தடவை சத்தம் இல்லை, திரையிலும் ஒன்றும் இல்லை. அணைத்து, போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தான்.

அதற்குள் கன்னியப்பனைக் கூட்டிவந்த ஆள் திரும்பிவிட்டார். உடல் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாம். கொள்ளி வைக்க வேண்டிய மனுஷர் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. கன்னியப்பன் எழுந்து வந்து வேதகிரியின் கையைப் பிடித்தார்.

"எடுக்கறதுக்குள்ள கொணாந்துடு தம்பி. அவ பாத்துடட்டும்."

அவர்கள் போனதும் வேதகிரி பெருமாள் படத்தைப் பார்த்தார். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சாமி என்ன செய்யும், பொட்டு வைத்த கை என் கை என்று இருந்தது அவருக்கு.

பேட்டரியைத் திரும்ப வைத்து, பழைய ரேமை இரண்டாவது பள்ளத்தில் அழுத்தி, அசீம் சுவிட்சைப் போட்டான். சின்னதாக ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. இங்கிலீஷில் என்னவோ கேட்டது, அசீம் படித்துத் தட்டினான். பழையபடியே மெல்ல மெல்ல எழுந்தது பெட்டி. பேட்டரியைப் பிடுங்கியதில் அதன் நாள்கணக்கு எத்தனையோ வருஷம் பின்னால் போயிருந்தது. அது காட்டிய தேதியில் தமிழரசன் ஒன்றாவதோ இரண்டாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பான்.

தை மாதத்துப் படங்களில் அவன் இருந்தான். இரண்டு படம். ஒன்று, துண்டால் முகம் துடைத்து, பவுடர் போட்டு, வேதகிரி நீலப் பின்னணியும் கோட்டும் வைத்துத் தயார் செய்தது. அதைத் திறந்தார். திரை உறைந்து நின்றது. தையில் எப்படியோ தாங்கியது, இன்றைக்கு இருக்கிற சின்ன ரேமுக்கு அந்த வேலை தாங்கவில்லை. அணைத்து எழுப்பி மறுபடி திறந்தார். மறுபடி நின்றது. வேதகிரியின் செல் அடித்தது. கன்னியப்பனோடு போன ஆள். வண்டி ஊருக்குள் வந்துவிட்டது, வெகுநேரம் வைத்திருக்க முடியாது என்றார்.

"இன்னொண்ணு கீதேணா. அதப் போடு."

"அது வெளிச்சம் பாக்க எடுத்தது பாய். சும்மா எடுத்தது. வேர்த்து ஊத்திக்கினு கீறான். காலரு திரும்பிக்கினு கீது. இத எப்பிடிக் குடுக்கறது?"

"மூஞ்சி தெரியுதா இல்லியா?"

தெரிந்தது. பெட்டியை மறுபடி எழுப்பி அந்தச் சின்னப் படத்தைத் திறந்தார், இரண்டு கண்ணும் நேராகப் பார்த்தன. புருவத்தில் ஒரு பழைய தழும்பு. ஒன்றையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செத்தவர் முகத்தைத் துடைக்காமல் அனுப்புகிறார். கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்த ஒரு சாமி பிரேமிலிருந்து படத்தை எடுத்துவிட்டு, அதில் இவனை வைத்தார்.

அசீமின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டார். எதிரே கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அசீம் மண்ணில் இறங்கி ஒதுங்கி நின்றான். வேதகிரி அவனை அவசரப்படுத்தவில்லை. ஊர் எல்லையில் திரும்பும்போது ரோட்டில் பூ இறைந்து கிடந்தது. சாமந்தியும் ரோஜா இதழும் வீட்டுப் பக்கமிருந்து வந்து, ஏரிக்கரைப் பக்கமாகப் போயிருந்தன. அசீம் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் மேளம் கேட்டது.

சுடுகாட்டுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்று அசீம் கேட்டான். வீட்டுக்கு என்றார் வேதகிரி. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கேட்டவள் வீட்டில்தான் இருப்பாள்.

வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கத் தண்ணீர். தமிழரசனின் தாய் சொக்கம்மாள் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் ஸ்டுடியோக்காரரைப் பார்த்து வழிவிட்டார்கள். வேதகிரி குனிந்து, பிரேமை அவள் மடியில் வைத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் அந்தப் புருவத் தழும்பைத் தொட்டாள்.

"வேர்த்துக்கினு கீது பாரு. வெயில்லியே வந்துகீறான்." முந்தானையை எடுத்துக் கண்ணாடி மேல் நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். வேர்வை அப்படியே இருந்தது. மறுபடியும் துடைத்தாள். "தொடச்சிட்டு எடுக்கக் கூடாதா நைனா?"

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏரிக்கரையிலிருந்து புகை எழுந்ததை வேதகிரி அங்கே நின்றபடிதான் பார்த்தார்.

திரும்பும்போது ஏரியில் இறங்கித் தலை முழுகினார். அசீம் கரையில் காத்திருந்தான். நீ நல்லதுக்குத்தானே வெச்ச என்று வழியில் ஒரு தடவை சொன்னான். வேதகிரி ம் என்றார்.

புது ரேம் அதற்குப் பிறகு பிழைக்கவில்லை. மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, அடியோரத்தில் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் பழைய ரேமோடு பழையபடி மெதுவாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேற்றுவதை அவர் விடவில்லை. ஆனால் சந்தனக் கிண்ணத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோவதில்லை.

இப்போதெல்லாம் யார் போட்டோ எடுக்க வந்தாலும், உட்காரச் சொல்லி, துண்டையும் பவுடரையும் நீட்டுவதற்கு முன்னால், வெளிச்சம் பார்க்கிறேன் என்று சொல்லி ஒன்று எடுத்துவிடுகிறார். வெயிலில் வந்த முகம், வேர்வை, திரும்பிய காலர் எல்லாம் அதில் அப்படியே விழும். அதை அவர் அழிப்பதில்லை. எதற்கு என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. அழிக்காமல் சேர்த்துச் சேர்த்து டிஸ்க் நிறைந்துகொண்டே வருகிறது, பெட்டி இன்னும் மெதுவாகிப் போய்விட்டதுணா என்று அசீம் சொல்லிப் பார்த்தான். போனால் போகட்டும் பாய் என்றார்.